பத்து ஆடு வைத்து, பாலை ஞாயிறு சந்தையில் விற்றுப் பிழைக்க முடியுமா?

முடியும். நான் பிழைக்கிறேன். ஒன்பது ஆடுகள், ஆறில் பால், நாளைக்கு ஏழு லீட்டர் அளவில்.

நீங்கள் கொழும்பு வேலையை விட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்ப நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படி வந்தவள்தான். 2022ல், பால்மாவுக்கு ஊரே வரிசையில் நின்ற நேரம், கார்மெண்ட் வேலையை விட்டு பண்டாரவளைப் பக்கம் எங்கள் லயத்துக்கே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கே, வந்துவிட்டேன். அப்பாவிடம் அப்போது மூன்று ஆடு இருந்தது.

"ஆட்டுப்பால் நாறும், யார் வாங்குவார்கள்" என்று கீழே எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். முதல் ஞாயிறு எனக்கும் அதுதான் நடந்தது. பதினான்கு போத்தல் கொண்டுபோனேன். ஒரு அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார், மூக்கைச் சுளித்தார், ஒன்றும் பேசாமல் மூடிக் கீழே வைத்தார். பக்கத்தில் லீக்ஸ் விற்ற அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு விற்றது இரண்டு போத்தல். மிச்சத்தை வழியில் கொட்டிவிட்டு அழுதுகொண்டே வந்தேன்.

காரணம் கிடா. கொட்டிலில் தாய் ஆடுகளுக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்தோம். கிடாவின் வாடை ஆட்டு மயிரில் ஏறும், கறக்கிற கையில் ஏறும், அங்கிருந்து பாலுக்கு வந்துவிடும். கிடாவைக் கொண்டுபோய் மேட்டுக்கு அந்தப் பக்கம் கட்டினோம். கறக்கிற இடத்தைக் கொட்டிலுக்கு வெளியே மாற்றினோம். முதல் இரண்டு பீச்சலைத் தனிக் கிண்ணத்தில் விட்டுப் பார்ப்பேன். திரி திரியாக இருந்தால் மடியில் நோய், அந்த ஆட்டுப் பால் சேராது. மிச்சத்தை உடனே வடித்து 63 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் வைத்து, பீலியில் (மலை ஊற்றுக் குழாயில்) வரும் குளிர்ந்த தண்ணீரில் இறக்கி ஆற்றி, பிறகு ஐஸ் பெட்டி. சூடான பாலை மூடி வைத்தால் வாடை கட்டாயம் வரும். அதற்கு ஆட்டைக் குறை சொல்லக்கூடாது.

அடுத்தது "தண்ணி கலந்திருக்கா, ஆடையே கட்டலையே" என்ற கேள்வி. ஆட்டுப் பாலில் கொழுப்பு மிகச் சிறிய துளிகளாக இருக்கும், மாட்டுப் பால்போல மேலே திரண்டு வராது. நிறமும் வெள்ளை வெளேர் என்றிருக்கும். தயிரும் எருமைத் தயிர்போல வெட்டி எடுக்க வராது, இளகித்தான் இருக்கும். நான் துணியில் கட்டித் தொங்கவிட்டு, கெட்டியானதும் விற்கிறேன். பாலைவிட அதற்குத்தான் ஆள் வருகிறது.

ஒன்றை மட்டும் நான் செய்ய மாட்டேன். ஆறு மாதப் பிள்ளைக்கு, தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்க என்று ஒரு அக்கா ஆட்டுப்பால் கேட்டார். தரவில்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது மட்டும் போதாது, இரத்தம் குறையும். மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் பலருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது. கிளினிக்கில் கேளுங்கள் என்றேன். கோபித்துக்கொண்டு போனார். வியாபாரம் தெரியாதவள் என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். சொல்லட்டும்.

தீனிக்குப் பெரிதாகச் செலவில்லை. வேலிக் கிளிரிசிடியா, பலா இலை, கினிப்புல். கிளிரிசிடியாவை வெட்டி ஒரு நாள் வாட விடுங்கள், பச்சையாகப் போட்டால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஈரப் புல்லில் மேயவிடாதீர்கள். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஆட்டுக்கும் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். உள்ளே சிவந்திருக்க வேண்டும். வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தத்தைக் குடிக்கிறது. ஒரு நல்ல ஆட்டை இது தெரியாமல்தான் இழந்தேன். கொட்டில் தரையை உயர்த்திப் பலகை இடைவெளி விட்டு அடியுங்கள், புழுக்கை கீழே விழும். 2021ல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது வெலிமடை மரக்கறித் தோட்டக்காரர்கள் தேடி வந்து அப்பாவிடம் அதை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். இன்னும் வாங்குகிறார்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன், மனதில் கிடக்கிறது. குளிர்ப்பெட்டிக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், எங்கே என்றார்கள். நாலு தலைமுறையாக இந்தச் சரிவில் இருக்கிறோம். இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் குடியுரிமையை மறுத்த 1948 சட்டத்தால் தாத்தாவுக்கும் அது இல்லாமல் போனது. அப்பா நாற்பது வருடம் இந்தத் தோட்டத்தில் உழைத்தார். லயத்து அறையும் எங்கள் பேரில் இல்லை, கொட்டில் நிற்கிற நிலமும் இல்லை. உறுதிக்கு நான் எங்கே போவேன்? நாளைக்கு நிர்வாகம் கொட்டிலைப் பிரி என்றால் பிரிக்கத்தான் வேண்டும். நீங்கள் லயத்தில் இருப்பவர் என்றால் இதையும் யோசித்துக்கொண்டு இறங்குங்கள்.

சரி. பால் ஆடுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிடாவுக்கு விடாதீர்கள். சினை ஐந்து மாதம், கடைசி இரண்டு மாதம் கறக்கக்கூடாது. மாற்றி மாற்றி விட்டால் எந்த ஞாயிறும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. மூக்கைச் சுளித்த அந்த அம்மா இப்போது வாரம் மூன்று போத்தல் வாங்குகிறார், இன்னும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான். ஆடு வாங்கப் போகும் முன் கிடாவை எங்கே கட்டுவது என்று இடம் பாருங்கள்.