ஆழமாகப் பிளந்த இலைக்கும் கூட்டிலைக்கும் என்ன வேறுபாடு? பின்னாட்டிஃபிட், பின்னாட்டிசெக்ட் என்பதெல்லாம் என்ன?

கோத்தகிரிப் பக்கம் வளர்ந்தவன் நான். கல்லூரி செய்முறைத் தேர்வில் கையில் சில்வர் ஓக் கிளையைக் கொடுத்தார்கள். தேயிலைக்கு நடுவே தினமும் பார்த்த மரமாயிற்றே என்று யோசிக்காமல் ‘சிறகுக் கூட்டிலை’ என எழுதினேன். மதிப்பெண் போயிற்று.

பார்க்க வேண்டியது பிளவின் ஆழம். அது விளிம்பிலிருந்து உள்ளே பாதித் தூரம்கூடப் போகவில்லை என்றால் வெறும் மடல்தான். பாதி வரை போனால் ‘ஃபிட்’, பாதியைத் தாண்டினால் ‘பார்ட்டைட்’, நடுநரம்பையே தொட்டுவிட்டால் ‘செக்ட்’. முன்னால் வரும் ‘பின்னாட்டி’ இறகைக் குறிக்கிறது. நடுநரம்பின் இரு பக்கமும் பிளவு வரிசையாக இருக்கும். ‘பால்மாட்டி’ என்றால் உள்ளங்கை. ஆமணக்கு இலைபோல எல்லாப் பிளவும் காம்பு சேரும் இடத்தை நோக்கிப் போகும். ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், எல்லை புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும்.

குழப்பம் வருவது கடைசிப் படியான ‘செக்ட்’டில்தான். கூட்டிலையில் ஒவ்வொரு துண்டும் தனிச் சிற்றிலை. பெரும்பாலும் குட்டிக் காம்போ மூட்டோ இருக்கும். சில்வர் ஓக்கில் துண்டின் அடி நடுநரம்போடு அப்படியே ஒட்டிப்போகிறது; அதனால் அது பின்னாட்டிசெக்ட். பக்கத்திலேயே நிற்கும் சீகை மரத்தை (வாட்டில்) பாருங்கள்: அதுதான் அசல், அதுவும் இருமுறை பிரிந்த கூட்டிலை. ஆனால் சில்வர் ஓக்கையே கூட்டிலை என்று எழுதும் நூல்களும் உண்டு. அதனால் அந்த மதிப்பெண் விஷயத்தில் எனக்கு இன்னும் வருத்தம்தான்!

‘கோணமொட்டைப் பார்’ என்று சொல்வார்கள். சரி, ஆனால் அது வேறு கேள்விக்கான விடை. இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் இந்த மொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் இருக்காது. கையில் இருப்பது முழு இலையா, கிளையா என்பதை அது காட்டும். செக்ட்டா கூட்டிலையா என்று அது சொல்லாது.

பழக வேண்டுமானால் காய்கறித் தோட்டமே போதும். முள்ளங்கி இலையில் நுனி மடல் மட்டும் பெரிது, கீழே வரவரச் சிறுத்துவிடும். அதற்கு ‘லைரேட்’, அதாவது யாழ் வடிவம் என்று பெயர். கேரட் இலை பிரிந்து, பிரிந்ததும் மறுபடி பிரிந்து நூலாகிவிடும். எனக்குப் பிடித்தது உருளைக்கிழங்கு: பெரிய சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவே, யாரோ மறந்து ஒட்டவைத்ததுபோலக் குட்டிக் குட்டியாகச் சில சிற்றிலைகள் இருக்கும்.