சனிக்கிழமை மாலையில் பாட்டு தேடுகிறவர்களுக்கு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சபையில் ஆராதனைக்குப் பாட்டு தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. கையில் மூன்று பாட்டுப் புத்தகங்களும், எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்த ஒரு நோட்டும் இருக்கின்றன. பிரசங்க வசனம் என்னவென்று சனிக்கிழமை மாலைதான் தெரிய வரும். அவசரத்தில் தெரிந்த பாட்டையே எடுத்துவிடுகிறேன். "இதைப் போன மாதம்தானே பாடினோம்" என்கிறார்கள் பெரியவர்கள். கணினி எனக்கு ஓரளவுதான் வரும். எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். கணினியில் எக்செல் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கிறது. கைப்பேசியிலும் பார்க்க வேண்டுமென்றால் கூகுள் ஷீட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். நான் நெடுநாளாகப் பாடகர் குழுவில் இருப்பவள். பாட்டைத் திரையில் காட்டும் பெரிய நிரல்களோடும் பழகியிருக்கிறேன், அவை அந்த வேலைக்கு அருமையானவை. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: இந்த வசனத்துக்கு எந்தப் பாட்டு பொருந்தும், அதைக் கடைசியாக எப்போது பாடினோம். இதற்கு இரண்டு தாள் கொண்ட ஒரு அட்டவணை போதும்.

முதல் தாள் பாடல் பட்டியல். ஒரு பாட்டுக்கு ஒரே வரிசை. புத்தகத்துக்கு ஒரு தாள் என்று பிரிக்கத் தோன்றும், பிரிக்க வேண்டாம். ஒரே பாட்டு மூன்று புத்தகத்திலும் மூன்று எண்ணில் இருக்கும். தனித்தனியாக எழுதினால், போன வாரம் பாடியதே வேறு எண்ணில் புதுப் பாட்டு மாதிரி உங்கள் முன் வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் நீங்களே ஒரு சொந்த எண் கொடுங்கள். அதன் பக்கத்தில் புத்தக எண்களுக்காக மூன்று பத்திகள் (மேலிருந்து கீழாகப் போகும் கட்டங்கள்) விடுங்கள்.

அப்புறம் முதல் வரி. பல்லவியின் முதல் வரிக்குத் தனிப் பத்தி வேண்டும். புத்தகத்தின் அகரவரிசை பாட்டின் ஆரம்பத்தை வைத்துப் போகிறது, ஆனால் மனதில் தங்குவது பெரும்பாலும் திரும்பத் திரும்பப் பாடும் வரிதான்.

அடுத்து நான் மிகவும் வற்புறுத்திச் சொல்லும் ஒரு பத்தி. அதற்கு 'நினைவுச் சொல்' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒரு பாட்டி வந்து, "அந்த அடைக்கலப் பாட்டைப் போடும்மா" என்பார். முதல் வரியில் அடைக்கலம் என்ற சொல்லே இருக்காது, பல்லவியிலும் இருக்காது. மூன்றாம் சரணத்தில் ஒரே ஒரு இடத்தில் வரும். இன்னொருவருக்கு அதே பாட்டு 'அப்பா அடக்கத்தில் பாடியது'. சபையில் யார் எந்தப் பெயரில் ஒரு பாட்டைக் கேட்டாலும் அந்தச் சொல்லை அன்றைக்கே அந்தப் பத்தியில் சேர்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் எந்தப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் இருக்கும். இந்தப் பத்தி மட்டும் உங்கள் சபையாரிடமிருந்துதான் வர முடியும். எந்த நிரலை வாங்கினாலும் அது உள்ளே இருக்காது.

வசனத்துக்கும் ஒரு பத்தி. வேத புத்தகப் பெயர்களை ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரு நாள் 'சங்.', இன்னொரு நாள் 'சங்கீதம்' என்று எழுதினால் தேடும்போது பாதிதான் கிடைக்கும். எண்ணை மூன்று இலக்கமாக எழுதுவது நல்லது: சங்கீதம் 023, சங்கீதம் 121. சங்கீதம் 150 வரை போகிறது. வெறும் 2 என்று எழுதிவிட்டு இரண்டாம் சங்கீதத்தைத் தேடினால் 23-ம் 27-ம் கூட வந்து விழும். வரிசைப்படுத்தும்போதும் 100 போய் 2-க்கு முன்னால் உட்காரும். திருவிருந்து, காணிக்கை, லெந்து, ஞானஸ்நானம், அடக்க ஆராதனை போன்ற சமயங்களுக்கும் ஒரு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தாளில் தேதி, எந்த ஆராதனை, அந்த ஆராதனையில் எந்த இடத்தில் பாடினோம், பாட்டின் சொந்த எண். அவ்வளவுதான். ஆராதனை முடிந்ததும், நோட்டீஸில் அச்சிட்டதை அல்ல, உண்மையில் பாடியதை எழுத வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு பாட்டு மாறியிருக்கலாம். பிறகு முதல் தாளில் 'கடைசியாகப் பாடியது' என்று ஒரு பத்தி சேர்த்து மேக்ஸ்இஃப்ஸ் (MAXIFS) சூத்திரத்தைப் போடுங்கள். இரண்டாவது தாளில் அந்த எண்ணுக்கு உரிய தேதிகளில் கடைசியானதை அது எடுத்துத் தரும். எக்செல் 2019-லும் அதற்குப் பிந்தையவற்றிலும், லிப்ரே ஆபீஸ் 5.2 முதலும், கூகுள் ஷீட்ஸிலும் இது உண்டு. எத்தனை முறை பாடினோம் என்று எண்ணுவதற்கு கவுண்ட்இஃப் (COUNTIF).

இப்போது சனிக்கிழமை மாலை வசனம் வந்ததும் அந்த வசனம் உள்ள வரிசைகளை மட்டும் வடிகட்டி (ஃபில்டர்), கடைசியாகப் பாடிய தேதியை வைத்து வரிசைப்படுத்துங்கள். வெகுநாளாகப் பாடாத பாட்டு மேலே வரும். ஒருமுறைகூடப் பதிவாகாத பாட்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு இந்த வேலையில் மனம் ஒட்டியதே இதனால்தான். ஒரு பாட்டைச் சபை சில வருடம் பாடாவிட்டால் பிள்ளைகளுக்கு அதன் மெட்டு தெரியாமல் போய்விடும். பெரியவர்களும் போனபின் புத்தகத்தில் எழுத்து மட்டும்தான் மிஞ்சும். எது கைவிட்டுப் போகிறது என்பது பட்டியல் இருந்தால்தான் கண்ணில் படும்.

அந்தப் பழைய நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் தேதியோடு குறிப்பு இருந்தால் இரண்டாவது தாளில் அப்படியே ஏற்றுங்கள்.

கேள்வி: பாடல் வரிகளைக் கணினியில் சேர்த்து வைத்திருக்கிறேன். பாட்டு கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் தமிழில் தட்டித் தேடினால் 'இல்லை' என்று வருகிறது. ஏன்?

பதில்: முதலில் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். அந்த வரிகளைத் தேர்வு செய்து ஏதாவது ஒரு ஆங்கில எழுத்துருவைக் கொடுங்கள். தமிழ் போய் ஆங்கில எழுத்தும் குறியுமாக ஆகிவிட்டால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள், மேலே தெரிவது மட்டும் தமிழ். அதை யூனிகோடுக்கு (தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறி உள்ள முறைக்கு) மாற்றாமல் தேட முடியாது. மாற்றித் தரும் இலவச நிரல்கள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முழுப் பாட்டையாவது எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

யூனிகோடாகவே இருந்தும் கிடைக்கவில்லையா? 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சில நிரல்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், சில எடுத்துக்கொள்ளாது. வெவ்வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய வரிகளில் இந்தத் தொல்லை வரும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். சந்தேகம் உள்ள முதல் வரியைப் பட்டியலில் நீங்களே மறுபடி தட்டிவிடுவதுதான் சீக்கிரம் முடியும் வழி.

எழுத்துச் சிக்கல் தீர்ந்தாலும் எழுத்துக்கூட்டல் இருக்கிறது. ஒரு புத்தகத்தில் இயேசு, இன்னொன்றில் ஏசு, மற்றொன்றில் யேசு. ஸ்தோத்திரம் சில இடத்தில் தோத்திரம். பாட்டில் சீருக்காகச் சொற்கள் சேர்ந்துவிடும்: என் இயேசு 'என்னேசு' ஆகிவிடுவார். இதைத் தேடுகிறவர் ஊகிக்க முடியாது. ஆகவே 'தேடல் வரி' என்று ஒரு பத்தி வைத்து, முதல் வரியைச் சந்தி பிரித்து, ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். பாட்டைப் புத்தகத்தில் உள்ளபடியே விட்டுவிடுங்கள், தேடலுக்கு மட்டும் இந்தப் பத்தி. தமிழ்த் தட்டச்சு தெரியாத இளைஞர்களுக்காக அதே வரியை ஆங்கில எழுத்திலும் இன்னொரு பத்தியில் வைத்தால் அவர்களும் தேடுவார்கள்.

கேள்வி: நான் ஆர்கன் வாசிக்கிறேன். பாட்டு தெரிந்திருக்கும், மெட்டு சபைக்குத் தெரியாது. இதற்கும் பட்டியல் உதவுமா?

பதில்: நன்றாகவே உதவும். பாட்டின் சொல்லும் மெட்டும் தனித்தனிப் பிறவிகள் என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டு, மெட்டின் பெயருக்கும் சந்தத்துக்கும் (ஒவ்வொரு அடியிலும் எத்தனை அசை என்ற அளவு) தனித்தனிப் பத்தி வையுங்கள். 'அமேசிங் கிரேஸ்' பாட்டின் சொற்கள் ஜான் நியூட்டனுடையவை, 1779-ல் அச்சில் வந்தன. இன்று எல்லாரும் பாடும் 'நியூ பிரிட்டன்' மெட்டோடு அவை சேர்ந்து அச்சானது 1835-ல்தான். இரண்டும் சேர முடிந்ததற்குக் காரணம் அளவு ஒத்துப்போனது: அடிக்கு 8, 6, 8, 6 அசைகள். இங்கே அசை என்பது மேல்நாட்டுக் கணக்கு (சிலபிள்), நம் யாப்பின் நேரசை நிரையசை அல்ல. 'ஓல்டு ஹன்ட்ரெட்' மெட்டு 1551-ல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் 134-ம் சங்கீதத்துக்காக வந்தது. பிற்பாடு ஆங்கிலத்தில் நூறாம் சங்கீதத்தோடு சேர்ந்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அடிக்கு எட்டெட்டு அசை வரும் பாட்டுகள் பலவற்றை அதில் பாடலாம்.

ஆகவே சபைக்குத் தெரியாத மெட்டு வந்தால், சந்தப் பத்தியில் அதே எண்களை வடிகட்டி, தெரிந்த மெட்டு ஒன்றை எடுங்கள். ஆனால் எண் ஒத்தால் போதாது. 8.7.8.7 அளவில் முதல் அசையில் அழுத்தம் விழும் மெட்டும் உண்டு, இரண்டாம் அசையில் விழும் மெட்டும் உண்டு. மாற்றி வைத்தால் சொற்கள் நொண்டும். ஒரு சரணத்தை வாய்விட்டுப் பாடிப் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகாதீர்கள். கீர்த்தனைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு ராகம், தாளம் என்று இரண்டு பத்தி.

சந்தத்தின் எண்களைத் தட்டுவதற்கு முன்னால் சந்தப் பத்தி முழுவதையும் 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் 8-6 என்று தட்டினால் அட்டவணை அதை ஒரு தேதியாக்கிவிடும்.

கேள்வி: எல்லாப் பாட்டுகளையும் முழுவதுமாகத் தட்டிச் சேர்த்து எல்லாருக்கும் அனுப்பலாமா?

பதில்: தேடுவதற்கு முழு வரிகள் தேவையில்லை. தட்ட உட்கார்ந்தால் மாதக்கணக்கில் இழுக்கும், பட்டியல் அரைகுறையில் நின்றுவிடும். திரையில் காட்டுவதற்காக என்றால் ஓப்பன்எல்பி, ஓப்பன்சாங் என்ற இலவச நிரல்களில் பாட்டைச் சேர்க்கலாம். எந்த நாளில் எந்தப் பாட்டைக் காட்டினோம் என்ற பதிவும் ஓப்பன்எல்பியில் உண்டு.

அனுப்புவதற்கு முன் பதிப்புரிமையைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டு வரை உரிமை உண்டு, பல நாடுகளில் அது 70. மூலப் பாட்டு பழையதாக இருந்தாலும் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை இருக்கும், மெட்டமைத்தவருக்கும் தனி. அதனால் பட்டியலில் எழுதியவர், மொழிபெயர்த்தவர், மெட்டமைத்தவர் பெயர்களுக்கு இடம் விடுங்கள். தெரிந்தவரை நிரப்புங்கள். உரிமை நடப்பில் இருக்கும் பாட்டுக்கு அனுமதி கேட்டு எழுதுங்கள், பதில் வந்தால் அதன் தேதியையும் அந்த வரிசையிலேயே குறித்து வையுங்கள்.