மேல்மாடி வாடகை யாருக்கு?

கேள்வி: அப்பா இறந்து 14 மாதமாகிறது. கொழும்பு வெள்ளவத்தை வீட்டை மரணசாதனத்தில் (உயிலில்) தங்கச்சிக்கு எழுதி, அதன்படி எல்லாம் நடத்திக் கொடுக்கும் நிறைவேற்றுநராக என்னைப் போட்டிருக்கிறார். ஆண்டுத் திவசம் முடியட்டும் என்று மரணசாதனத்தை இன்னும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை. மேல்மாடி வாடகையை நான்தான் வாங்கி வருகிறேன். கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருக்கும் தங்கச்சி அடிக்கடி கேட்கிறாள். மரணசாதனத்தை நீதிமன்றம் ஏற்றுக் கொடுக்கும் புரொபேட் கிடைக்க எவ்வளவு காலமாகும்? அவளுக்கு எப்படிப் பொறுமை சொல்வது?

பதில்: பொறுமை சொல்ல வேண்டாம் தம்பி. 14 மாதம் பொறுத்துவிட்டாள். போகிறபோக்கில் வாடகையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. அதில் ஒரு ரூபாயாவது தங்கச்சிக்குப் போனதாக நீங்கள் எழுதவில்லை. அவளுக்கென்று அப்பா எழுதிய வீட்டின் வாடகை உங்கள் கையில். அவளோ யாரோ ஒருவருக்கு மாதாமாதம் வாடகை கட்டுகிறாள். இப்படி எத்தனை கடிதங்கள் பார்த்துவிட்டேன்! "கொஞ்சம் பொறு" என்று சொல்பவரிடம்தான் வருமானமும் இருக்கும்.

திவசத்தைச் சாட்டுச் சொல்லாதீர்கள். மரணசாதனம் கைக்கு வந்து 3 மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மனுவும் சத்தியக்கடதாசியும் போட்டிருக்க வேண்டும். பிந்திய காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள். பத்திரிகையில் அறிவித்தல் வரும். ஒருவரும் எதிர்க்காவிட்டால் பெரிய சிக்கல் இல்லை. எதிர்த்தால் வருடக்கணக்கில் புதுக்கடை நீதிமன்றத்துக்கு அலைய வேண்டிவரும். புரொபேட் கிடைத்த பிறகு 12 மாதத்துக்குள் இறுதிக் கணக்கை நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டும். வாடகையும் அந்தக் கணக்கில் வர வேண்டும். அப்பாவின் கடன், செத்தவீட்டுச் செலவு கட்டியிருந்தால் பற்றுச்சீட்டோடு கழியுங்கள். மிச்சம் உங்களுடையதல்ல.

உங்களை அப்பா நிறைவேற்றுநராகப் போட்டது அவள் தனியே அலையக்கூடாது என்றுதான். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் அப்பா என்று நம்புகிறவள் நான். அவர் உயிரோடு இருந்தால் மகளை வாடகை வீட்டில் விட்டுவிட்டு அவளுடைய காசை எடுத்து வைத்திருப்பாரா?

இன்று இரவே ஒரு கொப்பியில் 14 மாத வாடகையையும் மாதவாரியாக எழுதுங்கள். மரணசாதனத்தின் பிரதி ஒன்றோடு அதைத் தங்கச்சி கையில் கொடுங்கள். அப்புறம் சட்டத்தரணியிடம் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.