ஹவுஸ் சர்ஜனுக்கு அறுவை சிகிச்சையை யார் கற்றுத்தருவார்கள்?

கேள்வி: அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவள் நான். இப்போது ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர். அடுத்த மாதம் சர்ஜரி போஸ்டிங் தொடங்குகிறது. எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் போஸ்டிங் முடித்து வந்த நண்பர்கள், "ரத்தம் எடுக்கணும், ரிப்போர்ட் வாங்கிட்டு வரணும், தியேட்டர்ல ஓரமா நிக்கணும், அவ்வளவுதான்" என்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் டாக்டர் யாரும் இல்லை. வழி சொல்ல ஆள் இல்லை. பேராசிரியரிடமே போய்க் கேட்கலாமா? பெண்களுக்கு சர்ஜரி ஒத்துவராது என்று சிலர் சொல்வதும் மனதை உறுத்துகிறது.
- தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பயிற்சி மருத்துவர்

பதில்: தாராளமாகப் போய்க் கேளுங்கள். முதல் நாள் ரவுண்ட்ஸ் முடிந்ததும், "சார், எனக்கு எம்.எஸ். சர்ஜரி பண்ணணும்னு ஆசை. இந்தப் போஸ்டிங்ல தையல் போடவும் அசிஸ்ட் பண்ணவும் கத்துக்கணும்" என்று சொன்னால் போதும். யூனிட்டுக்குத் தலைமை தாங்கும் எந்த சீஃபும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பலருக்கு மனசு குளிர்ந்துபோகும். ஆனால் அவரே தினமும் பக்கத்தில் நின்று சொல்லித்தருவார் என்று காத்திருக்க வேண்டாம். அவருக்கு ஓ.பி., தியேட்டர், வகுப்பு, தேர்வுப் பணி, நிர்வாகக் கூட்டம் என்று நாள் ஓடிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு சீழ்க்கட்டியோடு வரும் நோயாளியை உங்களோடு சேர்ந்து பார்க்கப்போவது யூனிட்டின் முதலாண்டு பி.ஜி. (மேற்படிப்பு மாணவர்). அந்த அண்ணனோ அக்காவோதான் உங்களுக்கு முதல் சர்ஜரி ஆசிரியர்.

அவருடைய ஒரு நாளைக் கவனித்துப் பாருங்கள். விடியும் முன்பே வார்டுக்கு வந்து சாம்பிள், டிரஸ்ஸிங், கேஸ் ஷீட். பிறகு ரவுண்ட்ஸ். அடுத்த நாள் தியேட்டர் லிஸ்ட்டில் இருப்பவர்களுக்கு மயக்க மருத்துவரிடம் ஃபிட்னஸ், எக்கோ, ரத்த வங்கிக்கு எழுதிக்கொடுப்பது. இதற்கு நடுவே அட்மிஷன் நாள் வந்தால் தூக்கமே கிடையாது. பி.ஜி.க்கள் சொல்லித்தருவதில்லை என்று ஹவுஸ் சர்ஜன்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் மனசு இல்லாமல் அல்ல, நேரம் இல்லாமல்தான் அப்படி நடக்கிறது. நீங்கள் வேலையைப் பொறுப்பாகப் பகிர்ந்துகொண்டால் அந்த நேரம் கிடைக்கும்.

உங்கள் நண்பர்கள் சலித்துக்கொண்ட அதே ரிப்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். ரிப்போர்ட்டை வாங்கிக் கேஸ் ஷீட்டில் சொருகிவிட்டுப் போகிறவர் தூதர். நடந்து வரும்போதே படித்துவிட்டு, "அக்கா, எட்டாம் நம்பர் பெட் பாட்டிக்கு பொட்டாசியம் 2.9 இருக்கு. நாளைக்கு கேஸ் எடுக்க முடியுமா?" என்று கேட்பவர் டாக்டர். பொட்டாசியம் குறைந்தால் மயக்க மருந்தின்போது இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், அறுவைக்குப் பின் குடல் அசையாமல் வயிறு உப்பலாம். இதை அந்த அக்கா உங்களுக்கு இரண்டு நிமிடத்தில் விளக்குவார். இப்படி ஒரு முறை கேட்டுவிட்டால், சீழ்க்கட்டியைக் கீறி வடிக்கும் ஐ அண்ட் டி அடுத்து வரும்போது அவரே உங்களைக் கூப்பிடுவார்.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: ஒரு நோயாளியை அட்மிஷனிலிருந்து தையல் பிரிப்பது வரை முழுதாக உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருவர் போதும். தியேட்டரில் நிற்கும் ஒரு மணி நேரத்தை மட்டும் சர்ஜரி என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் வலது பக்க இங்குவினல் ஹெர்னியாவோடு (கவட்டைப் பக்கக் குடலிறக்கம்) அட்மிட் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாள்பட்ட இருமல் உண்டா, மலம் கழிக்க முக்குகிறாரா, சிறுநீர் தடைபட்டு வருகிறதா என்று கேளுங்கள். மூன்றுமே வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டும்; அதைக் கவனிக்காமல் தைத்தால் ஹெர்னியா திரும்பி வரலாம். புகைப்பாரா, சர்க்கரை எவ்வளவு? அன்று இரவு இங்குவினல் கால்வாயின் நான்கு சுவர்களையும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். அடிவயிற்றுச் சுவரில் ஓடும் இன்ஃபீரியர் எபிகாஸ்ட்ரிக் ரத்தக்குழாய்க்கு உள்பக்கமாக ஹெர்னியா வந்தால் டைரக்ட், வெளிப்பக்கமாக வந்தால் இன்டைரக்ட். இது எம்.பி.பி.எஸ். முதல் ஆண்டிலேயே மனப்பாடம் செய்தது. மறுநாள் அதே குழாயைக் கண்ணெதிரே பார்க்கும்போதுதான் மனதில் பதியும். எத்தனை மணிக்குக் கடைசியாகச் சாப்பிட்டார் என்பதை நீங்களே கேட்டு எழுதுங்கள்: திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். ஆன்டிபயாடிக் ஊசி கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போயாக வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த இரவு அவரைப் போய்ப் பாருங்கள். ஸ்பைனல் (முதுகில் போடும் மயக்க ஊசி) கொடுத்த ஆண்களுக்கு சிறுநீர் பிரியாமல் அடிவயிறு வீங்கி நிற்பது சகஜம். அவர் வெட்கப்பட்டு உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம். நீங்களாகக் கேளுங்கள். விதைப்பை வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கூச்சமாக இருந்தால் பி.ஜி. அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம், ஆனால் பார்க்காமல் விட வேண்டாம். வீட்டுக்கு அனுப்பும் நாளில், "டாக்டரம்மா, எப்போ மூட்டை தூக்கலாம்?" என்று கேட்பார். அவருக்கு அது சோற்றுக் கேள்வி. அதற்குப் பதில் தேடி உங்கள் உதவிப் பேராசிரியரிடம் போனால் ஹெர்னியாவுக்கு வைத்த மெஷ் (வலை) எப்படித் திசுவோடு ஒட்டுகிறது, எத்தனை வாரம் ஆகும் என்று அவர் விளக்குவார். கேள்வியோடு வரும் ஹவுஸ் சர்ஜனை ஆசிரியர்கள் மறப்பதில்லை.

நோயாளியை இப்படித் தெரிந்துவைத்திருப்பதால் தியேட்டரிலும் உங்களுக்கு ஓர் இடம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியே போகும் முன் என மூன்று இடங்களில் நின்று சரிபார்க்க வேண்டும். புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைப் பரிசோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. எந்தப் பக்கம், என்ன அலர்ஜி, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதெல்லாம் அந்த அறையில் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும். இடது பக்கத்தைத் துடைக்கிறார்கள் என்றால், "சார், இவருக்கு ரைட் சைடு" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அங்கே ஜூனியர், சீனியர் என்பது கிடையாது.

ஸ்க்ரப் ஆகும் வாய்ப்பு, அதாவது கை கழுவிக் கிளவுஸ் போட்டு ஆபரேஷனில் உதவும் வாய்ப்பு கிடைத்தால், காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கிளவுஸ் சைஸ் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கை 6 அல்லது 6.5 என்றால், இருக்கிறதே என்று 7½ போட்டுக்கொண்டால் விரல் நுனியில் ரப்பர் மடிந்து முடிச்சு நழுவும். முந்தின நாளே தியேட்டர் சிஸ்டரிடம் சொல்லிவைத்தால் எடுத்து வைப்பார். உயரம் குறைவென்றால் கால் வைக்க ஸ்டூல் கேளுங்கள். திசுவை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடிக்கச் சொன்னால் சர்ஜனின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள், அந்த இடம் திறந்திருக்க வேண்டும். சொல்லாமல் அசைக்கக் கூடாது. தலை சுற்றுகிற மாதிரி இருந்தால் உடனே சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்காருங்கள். பெரிய சர்ஜன்கள் பலருக்கும் மாணவப் பருவத்தில் இது நடந்திருக்கிறது.

முடிச்சுப் போடுவதை தியேட்டரில் கற்க முடியாது. பிரித்துப் பயன்படாமல் மிஞ்சும் சில்க் நூலை சிஸ்டரிடம் கேட்டு வாங்கி, ஹாஸ்டல் கட்டில் கம்பியில் தினமும் போட்டுப் பழகுங்கள். முதலில் இரண்டு கையாலும், பிறகு இடது கை மட்டும், பிறகு கிளவுஸ் போட்டுக்கொண்டு, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு. ரீஃப் முடிச்சு தட்டையாகப் படிய வேண்டும்; கை மாறாமல் இரண்டு முறையும் ஒரே பக்கம் இழுத்தால் அது வழுக்கும் முடிச்சு. தையலுக்கு வாழைப்பழத் தோலோ, கடையில் வாங்கிய கோழித் தொடையோ போதும். ஊசியை நீடில் ஹோல்டரில் பிடிக்கும்போது நூல் இருக்கும் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் பிடியுங்கள். தோலுக்குள் செங்குத்தாக இறக்கி, மணிக்கட்டைச் சுழற்றி வெளியே எடுங்கள். தள்ளினால் ஊசி வளையும். "பழகிட்டேன், பாருங்க" என்று பி.ஜி.யிடம் கட்டில் கம்பியில் போட்ட முடிச்சை போட்டோ எடுத்தே காட்டலாம். அதைப் பார்த்த பிறகு கேசுவாலிட்டியில் அடுத்த தலைக்காயத்துக்கு அவர் உங்கள் கையில் ஊசியைக் கொடுக்கத் தயங்க மாட்டார்.

ஊசி கைக்கு வருவதற்கு முன் மரத்துப்போகும் மருந்தின் கணக்கு உங்கள் தலையில் இருக்க வேண்டும். 2 சதவீத லிக்னோகெயினில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம். கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்பில், 50 கிலோ எடையுள்ளவருக்கு 150 மில்லிகிராம், அதாவது 7.5 மில்லிதான். பெரிய காயம் என்றால் சலைன் கலந்து 1 சதவீதமாக்கினால் 15 மில்லி கிடைக்கும். ஒவ்வொரு முறையும் குத்தியதும் சிரிஞ்சைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். மேற்பார்வை இல்லாமல், "நீயே போட்டுடு" என்று யார் சொன்னாலும், செய்து பழகாத ஒன்றைத் தனியாகச் செய்யாதீர்கள். நோயாளியிடம் நீங்கள் பயிற்சி மருத்துவர் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

டிரஸ்ஸிங் அறையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. நம் சர்ஜரி வார்டுகளில் சர்க்கரை நோய்ப் புண்ணோடு வரும் கால்கள் ஏராளம். எந்தத் திசு செத்தது, எது உயிரோடு இருக்கிறது, வெட்டும்போது எங்கே ரத்தம் கசிய வேண்டும் என்பதை அங்கேதான் கண் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு காலிலும் பாத நாடியைத் தொட்டுப் பாருங்கள், விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள், புண்ணுக்குள் விடும் சோதனைக் கம்பி எலும்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். பல வருஷமாக அங்கே இருக்கும் உதவியாளர் அண்ணனிடம் கேட்டால் புண்ணின் வாசனையை வைத்தே சில விஷயங்கள் சொல்வார். அவரிடமும் ஆசிரியருக்குக் கொடுக்கும் மரியாதையோடு கேளுங்கள்.

உங்கள் பாதுகாப்பு: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடித்து, ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று போஸ்டிங்குக்கு முன்பே பார்த்துவிடுங்கள். தடுப்பூசி போடாதவருக்கு ஊசி குத்தினால் அந்தக் கிருமி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை, எச்.ஐ.வி.க்கு அது 0.3 சதவீதம். குத்திவிட்டால் பிதுக்காமல் ஓடும் நீரில் சோப்பு போட்டுக் கழுவி, உடனே தகவல் சொல்லி, ஏ.ஆர்.டி. மையத்துக்கு (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) போங்கள். தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்து மறைக்கவே கூடாது.

நேரத்தைப் பற்றி ஒரு கணக்கு. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி ஜெனரல் சர்ஜரிக்கு 6 வாரம். அதோடு மயக்கவியல் 2, எலும்பு மருத்துவம் 2, கேசுவாலிட்டி 2. சர்ஜனாக ஆசைப்படும் உங்களுக்கு இந்த 12 வாரமும் சர்ஜரி போஸ்டிங்தான். தையல் அதிகம் கிடைப்பது கேசுவாலிட்டியில். மூச்சுப்பாதையைக் காப்பாற்றக் கற்பது மயக்கவியலில். நீட் பி.ஜி. படிப்புக்காக வார்டிலிருந்து நழுவுவது இப்போது வழக்கமாகிவருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எம்.எஸ். இடத்தைத் தீர்மானிப்பது ரேங்க்தான், அதை மறுக்கவில்லை. தினமும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் பகலில் பார்த்த நோயாளியை இரவில் புத்தகத்தில் தேடிப் படித்தால் கிளினிக்கல் கேள்விகள் தானாக வசப்படும்.

பெண்களுக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு நீங்கள் வாதாடிப் பதில் சொல்ல வேண்டியதில்லை. முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்த ஊர் இது. இன்று உங்கள் கல்லூரியிலேயே அறுவை சிகிச்சை செய்யும் பெண் உதவிப் பேராசிரியர் இருப்பார், இல்லாவிட்டால் மகப்பேறு பிரிவில் நிச்சயம் இருப்பார். அவரிடம் போய்ப் பேசுங்கள். டியூட்டி, குடும்பம், குழந்தை என்று நீங்கள் சீஃபிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளுக்கு அவரால்தான் நேராகப் பதில் சொல்ல முடியும்.

தியேட்டரில் பதற்றத்தில் ஒரு சத்தம் விழுந்தால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சாதியையோ, படித்த பள்ளியையோ, பெண் என்பதையோ சொல்லி இழிவுபடுத்தினால் அது கற்பித்தல் கிடையாது. தேதி, நேரம், சாட்சி எழுதிவையுங்கள். துறைத்தலைவரிடமோ டீனிடமோ, பாலியல் தொல்லை என்றால் கல்லூரியின் உள் புகார்க் குழுவிடமோ எழுத்தில் கொடுங்கள்.

இன்னொரு வேலையும் உங்களுக்கு இருக்கிறது. வார்டுக்கு வரும் இறுதியாண்டு மாணவர்கள் பேராசிரியரிடம் கேட்கப் பயப்படுவார்கள், உங்களிடம் கேட்பார்கள். உங்கள் ஹெர்னியா நோயாளியிடம் அனுமதி கேட்டு, அவர்களில் இரண்டு பேரை அழைத்துப் போய் இருமச் சொல்லிக் கை வைத்துப் பார்க்கும் முறையைக் காட்டுங்கள். உங்களுக்கு எது சரியாகப் புரியவில்லை என்பது அப்போது தெரிந்துவிடும், அதைப் பி.ஜி.யிடம் கேளுங்கள்.

லாக் புத்தகத்தில் அன்றன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் அடுத்து வரும் ஹவுஸ் சர்ஜனை வார்டில் கூட்டிக்கொண்டு நடந்து, யாருக்கு டிரெயின் இருக்கிறது, யாருக்கு பயாப்சி முடிவு வரவேண்டும், யாருக்கு என்றைக்குத் தையல் பிரிக்க வேண்டும் என்று பெட் பெட்டாக ஒப்படையுங்கள். உங்கள் நோயாளிகளில் ஓ.பி.க்குத் திரும்பி வர வேண்டியவர்களின் தேதியை மட்டும் உங்கள் போனிலும் குறித்துக்கொண்டு, அந்த நாளில் ஒரு அரை மணி நேரம் அனுமதி வாங்கி சர்ஜரி ஓ.பி.க்கு வந்து தழும்பைப் பார்த்துவிட்டுப் போங்கள்.