மார்ஷல் தீவுகள் என்ற குட்டி நாடு இந்தியா மீது அணு ஆயுத வழக்குப் போட்டதாமே, உண்மையா? நமக்கும் அவர்களுக்கும் என்ன தகராறு?

உண்மைதான். 2014 ஏப்ரல் 24 அன்று ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்தில் மனு தாக்கலானது. 2016 அக்டோபர் 5 அன்று தள்ளுபடியானது. "என்ன தகராறு?" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், வழக்கு விழுந்ததே அந்தக் கேள்வியில்தான். இந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவே சட்டப்படி தகராறு என்று ஒன்று இல்லவே இல்லை, ஆகவே விசாரிக்க எதுவும் இல்லை என்று நீதிபதிகள் முடித்துவிட்டார்கள்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் தீர்ப்பும் வாதங்களும் நீதிமன்றத்தின் தளத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. படித்தவரை சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். இந்தியாவை மட்டும் குறிவைத்த வழக்கு இல்லை இது. அணுகுண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகள் மீதும் ஒரே நாளில் மனு கொடுத்தார்கள்: அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா, இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல், வட கொரியா. ஆனால் சர்வதேச நீதிமன்றம் நம் ஊர் நீதிமன்றம் மாதிரி யாருக்கு வேண்டுமானாலும் சம்மன் அனுப்ப முடியாது. "என் மீது யாராவது வழக்குப் போட்டால் வருகிறேன்" என்று ஒரு நாடு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது அந்த வழக்குக்கென்று தனியாகச் சம்மதிக்க வேண்டும். ஒன்பதில் முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்தவை பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான் மூன்றுதான். மற்ற ஆறு நாடுகளும் சம்மதிக்கவில்லை. நீதிமன்றத்துக்குக் கொஞ்சமாவது மதிப்புக் கொடுத்தவர்கள் கூண்டில் நின்றார்கள். குண்டுகளை அந்தத் தீவுகளிலேயே வெடித்த அமெரிக்கா வரவே இல்லை. அமெரிக்கா மீது கலிபோர்னியாவில் உள்ள மத்திய நீதிமன்றத்திலும் தனியாக வழக்குப் போட்டார்கள். அது 2015இல் தள்ளுபடியாகி, 2017இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

இன்னொன்று, அவர்கள் ஒரு பைசா கேட்கவில்லை. அணு ஆயுதக் குறைப்புக்காக நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்தும் கடமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு, அதை இந்த நாடுகள் செய்யவில்லை என்று அறிவியுங்கள். ஓராண்டுக்குள் செய்யச் சொல்லுங்கள். கேட்டது இவ்வளவுதான்.

இதைக் கேட்க அவர்களுக்கு என்ன தகுதி என்று பார்க்க 1946க்குப் போக வேண்டும். ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே, பசிபிக்கில் சிதறிக் கிடக்கும் பவளத்தீவுகள் இவை. கடல் மட்டத்திலிருந்து சராசரி உயரம் சுமார் இரண்டு மீட்டர். ஜப்பானிடம் இருந்த தீவுகளை அமெரிக்கா 1944இல் பிடித்தது. 1947இல் ஐ.நா. அவற்றை "அறங்காவல் பிரதேசம்" என்ற பெயரில் அமெரிக்காவிடமே ஒப்படைத்தது. அந்த ஒப்பந்தத்தில் அங்கே வாழும் மக்களின் நிலத்தையும் உடல்நலத்தையும் காப்பது காவலரின் கடமை என்று எழுதியே இருக்கிறது. எழுதுவதற்கு முந்தைய ஆண்டே பிகினி தீவில் இரண்டு குண்டுகள் வெடித்தாகிவிட்டது.

பிகினியில் இருந்தவர்கள் 167 பேர். 1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பிரார்த்தனை முடிந்ததும், அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் வந்து, மனிதகுலத்தின் நன்மைக்காகவும் உலகப் போர்களுக்கெல்லாம் முடிவு கட்டவும் தீவைத் தற்காலிகமாக விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். துப்பாக்கியோடு வந்து நிற்கும் வெற்றி பெற்ற படையிடம் முடியாது என்று யார் சொல்வார்கள்? ரோங்கெரிக் என்ற தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே சாப்பாட்டுக்கு வழியில்லை, பட்டினி. 1948இல் கிலி என்ற தீவுக்கு மாற்றினார்கள். பிகினிக்காரர்கள் காயலில், அதாவது பவளத்திட்டு வளைத்து நிற்கும் அமைதியான கடல்நீரில், மீன் பிடித்தே வாழ்ந்தவர்கள். கிலியில் காயலே கிடையாது. தற்காலிகம் என்று சொன்ன அந்த இடப்பெயர்வு இன்னும் முடியவில்லை.

1946 முதல் 1958 வரை பிகினியிலும் எனிவெடாக் என்ற இன்னொரு பவளத்தீவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 67 சோதனைகள். மொத்த ஆற்றலைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பங்கு போட்டால் நாளொன்றுக்கு ஒன்றரை ஹிரோஷிமாவுக்கும் மேல் வருகிறது. 1952இல் முதல் ஹைட்ரஜன் சோதனையில் எலுகெலாப் என்ற சிறுதீவு வரைபடத்திலிருந்தே காணாமல் போனது.

1954 மார்ச் 1 அன்று வெடித்த "பிராவோ"தான் எல்லாவற்றிலும் பெரியது. விஞ்ஞானிகள் கணக்குப் போட்டது சுமார் 6 மெகாடன் (ஒரு மெகாடன் என்றால் பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல்). வெடித்தது 15. எரிபொருளில் இருந்த லித்தியத்தின் ஒரு வகை வினையில் பங்கெடுக்காது என்று நினைத்திருந்தார்கள், அது பங்கெடுத்துவிட்டது. ஹிரோஷிமாவைப் போல ஆயிரம் மடங்கு. காற்று சாதகமாக இல்லை என்ற தகவல் வெடிப்புக்கு முன்பே கையில் இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. பவளப்பாறை பொடியாகி மேலே போய், கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருந்த ரோங்கெலாப் தீவின் மீது வெள்ளைச் சாம்பலாகப் பொழிந்தது. என்னவென்று தெரியாத பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். சாயங்காலத்துக்குள் வாந்தி, எரிச்சல். பிறகு தோல் புண்ணாகி முடி கொட்டியது. கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு போனது இரண்டு நாள் கழித்துத்தான். அதே சாம்பல் அந்தப் பக்கம் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மீதும் விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டார்கள். ஒருவர் அந்த செப்டம்பரில் இறந்தார். ஜப்பானில் அணு எதிர்ப்பு இயக்கம் பெரும் வேகம் பிடித்தது அதன் பிறகே.

ரோங்கெலாப் மக்களை 1957இல், இனி பயமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டுகளில் தைராய்டு கட்டிகள், கருச்சிதைவுகள். அமெரிக்க மருத்துவர்கள் தவறாமல் வந்து ரத்தம் எடுத்துப் பதிவு செய்துகொண்டு போனார்கள். தங்களைச் சோதனை எலிகளாக வைத்துக்கொண்டார்கள் என்பது அங்குள்ளவர்களின் குற்றச்சாட்டு; அமெரிக்கா விபத்து என்கிறது. 1985இல் அவர்கள் தாங்களாகவே, கிரீன்பீஸ் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பலில் ஏறித் தீவைக் காலி செய்தார்கள். இரண்டு மாதம் கழித்து நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் அந்தக் கப்பலைக் குண்டு வைத்து மூழ்கடித்தது பிரெஞ்சு உளவுத்துறை. அது பிரெஞ்சு பாலினேசியாவில் பிரான்ஸ் நடத்திய சோதனைகளை எதிர்த்ததற்காக, தனிக் கதை.

இந்தியா இந்தக் கதைக்குள் வருவது 2014இல் இல்லை. பிராவோ வெடித்த அடுத்த மாதமே, 1954 ஏப்ரல் 2 அன்று, நேரு மக்களவையில் எழுந்து, ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் வரும்வரை அணு வெடிப்புச் சோதனைகளையாவது எல்லோரும் நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டார். ஓர் அரசின் தலைவர் சோதனை நிறுத்தத்தை வெளிப்படையாகக் கோரியதில் அதுவே முதல் குரலாகச் சொல்லப்படுகிறது. அதே ஏப்ரலில் மார்ஷல் தீவினர் ஐ.நா.வுக்கு மனு அனுப்பினார்கள்: சோதனைகளை நிறுத்துங்கள், முடியாதென்றால் பாதுகாப்பையாவது பாருங்கள் என்று. சோதனைகள் இன்னும் நான்கு ஆண்டுகள் நடந்தன. ஆக, அன்று அவர்கள் கேட்டதையே உலகத்திடம் கேட்ட நாட்டின் மீதுதான் அறுபது ஆண்டு கழித்து வழக்கு. நடுவில் இந்தியாவே நடத்திய அணுச் சோதனைகள், 1974 பொக்ரானும் 1998 பொக்ரானும், வந்துவிட்டதே.

வழக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் டோனி டிபுரம், மார்ஷல் தீவுகளின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். ஒன்பது வயதில் லிகியெப் தீவில் தாத்தாவோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது பிராவோவின் வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்தவர். 2016 மார்ச்சில் ஹேக்கில் அவரே எழுந்து அதைச் சொன்னார். பாரிஸ் பருவநிலை மாநாட்டில், புவி வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்ற இலக்கை உள்ளே கொண்டுவரப் பாடுபட்டவர்களில் முக்கியமானவரும் இவரே. கடல் ஏறினால் முதலில் போகும் நாடுகளில் ஒன்று அவருடையது.

இந்தியாவின் வாதம் லேசானது இல்லை. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் நாங்கள் கையெழுத்தே போடவில்லை, அதில் உள்ள கடமை எங்களை எப்படிக் கட்டும்? தவிர, அணு ஆயுத ஒழிப்புக்கு ஆதரவாக ஐ.நா. பொதுச்சபையில் தொடர்ந்து வாக்களித்து வருகிறோம், பிறகு உங்களோடு எங்களுக்கு என்ன கருத்து வேறுபாடு? மார்ஷல் தரப்பு இதற்கு 1996ஐக் காட்டியது. அந்த ஆண்டு இதே நீதிமன்றம், அணு ஆயுதக் குறைப்புப் பேச்சை நல்லெண்ணத்தோடு நடத்தி முடிவுக்கும் கொண்டுவரும் கடமை உண்டு என்று ஆலோசனைக் கருத்தில் சொல்லியிருந்தது. ஒப்பந்தத்துக்கு வெளியே இருப்பவர்களையும் வழக்காற்றுச் சட்டம் (நாடுகளின் நீண்டகால நடைமுறையிலிருந்து உருவாகும் சட்டம்) கட்டும், ஒரு பக்கம் ஒழிப்புக்கு வாக்கு, மறுபக்கம் ஆயுதமும் ஏவுகணையும் பெருக்குவது நல்லெண்ணமா என்று கேட்டார்கள். நல்ல கேள்விகள், இரண்டு பக்கமும். எதற்கும் நீதிமன்றம் பதில் சொல்லவில்லை.

வழக்குத் தொடர்வதற்கு முன்பே உங்களுக்குள் தகராறு இருந்தது என்றும், அது எதிர்த்தரப்புக்குத் தெரியும் என்றும் காட்டுங்கள் என்றது. மார்ஷல் தீவுகள் 2014 பிப்ரவரியில், அணு ஆயுதங்களால் மனிதர்களுக்கு வரும் பாதிப்பு பற்றி மெக்சிகோவின் நயாரித்தில் நடந்த மாநாட்டில் பேசியதைக் காட்டியது: அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகள் தங்கள் கடமையைச் செய்யவில்லை என்று அங்கே சொல்லியிருந்தார்கள். இந்தியா அந்த மாநாட்டில் இருந்தது. ஆனால் பேச்சு பொத்தாம்பொதுவாக இருந்தது, இந்தியா எதில் தவறியது என்று குறிப்பிடவில்லை, ஆகவே தகராறு உருவாகவில்லை என்று 9க்கு 7 என்ற வாக்கில் தீர்ப்பு. பிரிட்டன் வழக்கில் 8க்கு 8 என்று சமமாகி, தலைவரின் கூடுதல் வாக்கால் முடிவானது.

வாக்குப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று உறுத்தும். அமர்வில் அணு ஆயுத நாடுகளைச் சேர்ந்த நீதிபதிகள் ஆறு பேர்: பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா. நம்முடைய தல்வீர் பண்டாரி உட்பட ஆறு பேரும் ஒரே பக்கம், தள்ளுபடி பக்கம். தனித்தனியாக யாருடைய நேர்மையையும் நான் சந்தேகிக்கவில்லை, சட்ட வாதமும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஆறுக்கு ஆறு. எதிர்த்து எழுதிய ஆஸ்திரேலிய நீதிபதி ஜேம்ஸ் கிராஃபோர்டின் வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது: இது பல நாடுகள் பல்லாண்டுகளாக இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கும் பழைய தகராறு, மார்ஷல் தீவுகள் அதில் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டது. தனியாக இந்தியாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் வழக்கு நின்றிருக்குமோ என்று தோன்றும்போது எரிச்சல்தான் வருகிறது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குவாஜலீன் தீவில் இன்றும் அமெரிக்க ஏவுகணைச் சோதனைத் தளம் இருக்கிறது; கலிபோர்னியாவிலிருந்து ஏவும், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் மினிட்மேன் ஏவுகணைகளுக்கு அந்தப் பக்கம்தான் இலக்கு. அந்த வாடகையும் வேலையும் தீவு நாட்டின் பொருளாதாரத்துக்கு முக்கியம். தளத்தில் வேலை செய்பவர்கள் பக்கத்தில் எபெயே என்ற துண்டு நிலத்தில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். நாட்டின் பாதுகாப்பு முழுக்க அமெரிக்காவின் பொறுப்பு. 2017இல் அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் ஐ.நா.வில் நிறைவேறியபோது ஆதரவாக வாக்களித்த மார்ஷல் தீவுகள், இன்னும் அதில் கையெழுத்துப் போடவில்லை. இந்தியா அந்தப் பேச்சுவார்த்தைக்கே போகவில்லை.

இழப்பீட்டுக் கணக்கும் கசப்பானது. மார்ஷல் தீவுகளோடு செய்த 1986 உடன்படிக்கையில் அமெரிக்கா 15 கோடி டாலர் நிதி கொடுத்து, இதோடு சரி என்றது. அதே உடன்படிக்கையின்கீழ் அமைந்த தீர்ப்பாயம் 200 கோடி டாலருக்கு மேல் தீர்ப்புச் சொன்னது. கஜானாவில் பணம் இல்லாததால் பெரும்பகுதி ஏட்டிலேயே கிடக்கிறது. எனிவெடாக்கின் ருனிட் தீவில், 1958இல் வெடித்த குண்டு தோண்டிய பள்ளத்தில் கதிரியக்க மண்ணைக் கொட்டி 1980வாக்கில் கான்கிரீட் மூடி போட்டார்கள். மேலே மூடி உண்டு, கீழே எந்தத் தடுப்பும் இல்லை. கடல் மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது.

"இதே மாதிரி வேறு யாராவது மறுபடி வழக்குப் போட முடியுமா?" என்று கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். இப்போது கடினம். தீர்ப்பு வந்த சில மாதங்களில், 2017 பிப்ரவரியில், பிரிட்டன் தன் சம்மதப் பத்திரத்தை மாற்றி எழுதியது: அணு ஆயுதம் சம்பந்தப்பட்ட வழக்கென்றால், அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் உள்ள மற்ற அணு ஆயுத நாடுகளும் சம்மதித்தால் மட்டுமே வருவோம், எந்த வழக்குக்கும் ஆறு மாத முன்னறிவிப்பும் வேண்டும். பாகிஸ்தான் அடுத்த மாதமே தன்னுடையதை மாற்றியது. இந்தியா 2019 செப்டம்பரில் புதிய பத்திரம் தாக்கல் செய்தது. 1974 பத்திரத்தைப் போலவே தற்காப்பு, ஆயுத மோதல் சம்பந்தமான வழக்குகளுக்கு அதிலும் விலக்கு இருக்கிறது. டிபுரம் 2017 ஆகஸ்டில் இறந்துவிட்டார்.