உளுந்து முளையை முயல் கடித்தால் சுடலாமா?

மானூர் பக்கம் மானாவாரி உளுந்தில் முயல் இறங்குகிறது, சுடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தாலும் சரி, கண்ணி வைத்தாலும் சரி, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான்.

முதலில் முயல்தானா என்று பாருங்கள். முயல் கடித்த தண்டு கத்தியால் சீவியது போலச் சாய்வாக இருக்கும். பக்கத்தில் உருண்டையாக, நார் நாராகப் புழுக்கை கிடக்கும். எலி கடித்தது பிசிறடித்திருக்கும், வரப்பில் வளையும் தெரியும். நம்மூர் முயல் வளை தோண்டாது. பகலில் புதரடியில் சிறு பள்ளத்தில் படுத்திருந்து, இருட்டியதும் வரும். அதனால் புகை போடுவதெல்லாம் வீண். வரப்போரச் சீமைக்கருவேலத்தை வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

நம்பக்கூடியது கோழி வலைதான். 4 அடி உயரம், ஒன்றேகால் அங்குலத்துக்கு மேற்படாத கண். அடியில் அரை அடியை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணைப் போட்டு மூடுங்கள். மடக்காமல் நிறுத்தினால், வளை தோண்டாத முயலும் அடியில் மண்ணைப் பறித்து நுழைந்துவிடும். 8 அடிக்கு ஒரு கம்பு போதும். வண்டிப்பாதைத் திறப்பை மறந்துவிடாதீர்கள், பெரும்பாலும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

செலவு கட்டாது என்றால் புதரை ஒட்டிய பக்கத்துக்கு மட்டுமாவது கட்டுங்கள். ஆனால் முயல் சுற்றி வரும் என்பதால் இரு முனையிலும் கொஞ்சம் வளைத்து இழுக்க வேண்டும். முளைத்த முதல் மூன்று வாரம்தான் ஆபத்து.

பழைய மீன்வலை வேண்டாம், மயிலும் சாரைப்பாம்பும் சிக்கிச் சாகும். வேலியில் நேரடி கரண்ட் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வருகிற மனிதரைத்தான் அது கொல்லும்.