'செட்டில்டு' என்கிறது திரை, கணக்கில் பணம் ஏறவில்லை

கேள்வி: கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில நாலு வருஷத்துக்கு ரெண்டு மாசம் குறைவா வேலை பார்த்தேன். சம்பளம் 14,500. நவம்பர் 30-ம் தேதி எங்க லைன்ல இருந்த 40 பேரையும் கூப்பிட்டு, ஆர்டர் இல்ல, ரிசைன் லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்கன்னுட்டாவ. பிப்ரவரியில கம்ப்யூட்டர் சென்டர் அண்ணாச்சி பி.எஃப்.புக்குப் போட்டுக் குடுத்தாரு. மொதல்ல 'அண்டர் ப்ராசஸ்'னு இருந்துச்சு, பத்து நாள்ல ரெண்டுமே 'ரிஜெக்டட்'. கம்பெனியில வெளியேறின தேதி போட வச்சு மறுபடி போட்டோம். இப்ப ஒண்ணு 'செட்டில்டு', இன்னொண்ணு 'ரிஜெக்டட்'. செட்டில்டு ஆகி 12 நாளாச்சு, பணம் ஏறல. இ.எஸ்.ஐ.லயும் வேலை போனவங்களுக்குப் பணம் உண்டுன்னு சொல்லுதாவ. பிளஸ் டூ முடிச்சு 2012-ல எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல பதிஞ்சிருக்கேன், அந்த உதவித்தொகையும் கேக்கலாமா? ஒண்ணை வாங்கினா இன்னொண்ணு நின்னுபோகுமா? வயசு 31. வீட்டுக்காரருக்குக் கூலி வேலை.
— ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அன்புத் தங்கைக்கு, ஒரே விண்ணப்பம் மாறி மாறிப் பேசுவது போலத் தோன்றுவதால்தான் இந்தக் குழப்பம். நீங்கள் கொடுத்தது ஒன்றல்ல, இரண்டு. படிவம் 19 என்பது பி.எஃப். பணத்துக்கு, படிவம் 10-சி என்பது பென்ஷன் பணத்துக்கு. அண்ணாச்சி இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டிருப்பார். ஆனால் இரண்டுக்கும் தனித்தனி கிளெய்ம் எண் உண்டு, முடிவும் தனித்தனியாகத்தான் வரும். முதலில் தள்ளுபடியான இரண்டையும் சேர்த்தால் இப்போது உங்கள் திரையில் நாலு வரி இருக்கும். பழைய இரண்டு வரிகளை விட்டுவிடுங்கள். புதிய இரண்டில் செட்டில்டு ஆனது படிவம் 19, தள்ளுபடியானது 10-சி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

'செட்டில்டு' என்ற சொல்லில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பணம் கொடுக்கலாம் என்று பி.எஃப். அலுவலகம் உத்தரவு போட்டு வங்கிக்கு அனுப்பிவிட்டது என்பதே அதன் பொருள். உங்கள் கணக்கில் ஏறியதா என்பது அந்தச் சொல்லுக்குத் தெரியாது. வழக்கமாக மூன்று நான்கு வேலை நாளில் ஏறிவிடும். 12 நாள் ஆகியும் வரவில்லை என்றால், பெரும்பாலும் போன பணம் உங்கள் வங்கி வாசலில் இருந்து திரும்பிப் போயிருக்கிறது.

அதை இப்படி உறுதி செய்துகொள்ளுங்கள். பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். பணம் எடுத்ததாகப் பதிவு இருந்தால் அலுவலகம் அனுப்பிவிட்டது. அடுத்து பி.எஃப். தளத்தில் உங்கள் அடையாள, வங்கி விவரங்கள் உள்ள கே.ஒய்.சி. பக்கத்தில் இருக்கும் வங்கிக் கணக்கு எண்ணையும், வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் உங்கள் கையில் இருக்கும் வங்கிப் பாஸ்புக்கோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் இதில் அடிக்கடி தவறு நேர்கிறது. பாண்டியன் கிராம வங்கி 2019 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு கிராம வங்கியானது. சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு சேர்ந்தது. வீட்டில் இருந்த பழைய பாஸ்புக்கின் முதல் பக்கத்தை வேலைக்குச் சேரும்போது நகல் எடுத்துக் கொடுத்தவர்களுக்கு, இன்றைக்குச் செல்லாத ஐ.எஃப்.எஸ்.சி.யே பதிவில் கிடக்கும்.

இன்னொரு காரணம் கண்ணுக்கே தெரியாது. முழு ஆவணம் கொடுக்காமல் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்குகள் சில, வங்கி விதிப்படி 'சிறு கணக்கு' வகையைச் சேர்ந்தவை. அதில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. உங்கள் பி.எஃப். அதற்கு மேல் இருந்தால் கணக்கு அதை ஏற்றுக்கொள்ளாது. ஆதார், பான் நகலோடு கிளைக்குப் போய் கே.ஒய்.சி.யை முழுமையாக்கிக் கொடுத்தால் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுவார்கள். போன கையோடு, செட்டில்டு ஆன தேதியில் இருந்து நெஃப்ட் (வங்கிக்கு வங்கி அனுப்பும் பணம்) ஏதும் வந்து திரும்பியதா என்று கேட்டுவிடுங்கள்.

வங்கி விவரத்தைச் சரிசெய்த பிறகு படிவம் 19-ஐ மறுபடி போட்டுவிடாதீர்கள். உங்கள் கணக்கில் இருந்து அந்தப் பணம் ஏற்கெனவே கழிந்துவிட்டதால் புதிய விண்ணப்பமும் தள்ளுபடியாகி, குழப்பத்தோடு இன்னொரு வரி சேரும். செய்ய வேண்டியது புகார். ஈ.பி.எஃப்.ஐ.ஜி.எம்.எஸ். என்ற பி.எஃப். புகார்த் தளத்தில் கிளெய்ம் எண், செட்டில்டு ஆன தேதி, திருத்திய வங்கி விவரம் மூன்றையும் எழுதி, பாஸ்புக் முதல் பக்கத்தை இணைத்து, திரும்பிய பணத்தை மறுபடி அனுப்பக் கேளுங்கள்.

வரும் தொகை பி.எஃப். பாஸ்புக்கில் இருந்ததைவிடக் குறைவாக இருந்தால் பதற வேண்டாம். ஐந்து வருடத்துக்குக் குறைந்த சேவையில் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால், பான் இருப்பவர்களுக்கு 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். என் வருமானத்துக்கு வரி இல்லை என்று உறுதி கூறும் 15-ஜி படிவம் இணைத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். பிடித்துவிட்டார்கள் என்றாலும், உங்கள் வருமானத்துக்கு வரி கிடையாது, ஆகவே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் அது திரும்பி வரும்.

இனி 'ரிஜெக்டட்'. ஏன் தள்ளினார்கள் என்ற காரணம் அதே வரியின் வலது ஓரத்தில் இருக்கிறது. கைபேசித் திரையில் அந்தக் கட்டம் வெளியே போய்விடும். கைபேசியைப் படுக்கைவாட்டில் திருப்பி, வரியை இடப்பக்கம் தள்ளிப் பாருங்கள். கம்ப்யூட்டர் சென்டரில் 'ரிஜெக்டட்' என்று மட்டும் சொன்னால் போதாது, அந்தக் கட்டத்தை அப்படியே பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்தில் படிவம் 19 நிறைவேறி 10-சி மட்டும் நின்றிருந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது வெளியேறிய தேதியைத்தான். சர்வீஸ் ஹிஸ்டரி பக்கத்தில் வெளியேறிய தேதி இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று ஈ.பி.எஃப்.புக்கு, மற்றது ஈ.பி.எஸ். என்கிற பென்ஷனுக்கு. அவசரமாகப் போடும்போது முதலாவதை மட்டும் நிரப்பிவிட்டு இரண்டாவதைக் காலியாக விடுவது உண்டு. காலியாக இருந்தால் கம்பெனி ஹெச்.ஆரிடம் அதைப் போடச் சொல்லுங்கள்.

இரண்டு தேதியும் சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது பெயர். நம்மூர்ப் பெயர்களுக்கு இன்ஷியல்தான் வினை. ஆதாரில் 'இசக்கியம்மாள் சு', பி.எஃப்.பில் 'சு. இசக்கியம்மாள்', வங்கியில் 'இசக்கியம்மாள் சுடலைமுத்து'. மூன்றும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு தகப்பனார் பெயர் இருந்த இடத்தில் கணவர் பெயர் ஏறியிருப்பதும் இதே வகைத் தொல்லை. ஆதாரில் இருப்பது போலவே மற்றதை மாற்றுங்கள். உங்கள் யு.ஏ.என்., அதாவது வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண், 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு, ஆதார் சரிபார்ப்போடு கொடுக்கப்பட்டதாக இருந்தால், பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், வெளியேறிய தேதி போன்றவற்றை கம்பெனியின் தயவு இல்லாமலே ஆதார் ஓ.டி.பி. வைத்து நீங்களே திருத்தலாம். 2025 ஜனவரியில் வந்த வசதி இது.

ஆனால் 10-சி-யை மறுபடி போடுவதற்கு முன் ஒரு வாரம் யோசியுங்கள் என்பேன். அந்தப் பணம் பெரியதல்ல. பி.எஃப். பிடிக்கிற சம்பளத்தில், வேலை செய்த வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டால் நாலு வருடச் சேவை அழிந்துவிடும். எடுக்காமல் விட்டு, அடுத்து சேரும் வேலையிலும் இதே யு.ஏ.என். கொடுத்தால் சேவை தொடரும். மொத்தம் 10 வருடம் ஆனால் மாதப் பென்ஷனுக்கு உரிமை வந்துவிடும். 31 வயதில் அந்த உரிமையைக் கைகழுவ எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் உலை வைக்கவே பணமில்லை என்றால் அது வேறு, தயங்காமல் எடுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை போய் ஒரு மாதத்தில் 75 சதவீதம், இரண்டு மாதத்தில் முழுவதும் என்பது நாம் பழகிய விதி. 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், முழுத் தொகைக்கு 12 மாதம், பென்ஷன் பணத்துக்கு 36 மாதம் காத்திருக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் திரையில் எந்தப் படிவம் திறக்கிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள், பக்கத்து வீட்டார் போன வருடம் எடுத்ததை வைத்து அல்ல.

இ.எஸ்.ஐ. பற்றிக் கேட்டீர்கள். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம் 2018 ஜூலையில் தொடங்கி, அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருகிறது. வேலை போன 30 நாளுக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம். சராசரித் தினச் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்குக் கிடைக்கும், வாழ்நாளில் ஒருமுறைதான். சராசரி என்பது கடைசி நான்கு சந்தா காலத்தின், அதாவது இரண்டு வருடத்தின், மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுப்பது. உங்கள் 14,500 ரூபாய்க்கு 3,48,000-ஐ 730-ஆல் வகுத்தால் 476 ரூபாய் சொச்சம், அதில் பாதி 238, 90 நாளுக்கு ஏறக்குறைய 21,400 ரூபாய். விட்டுவிடுகிற தொகை இல்லை. குறைந்தது இரண்டு வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும், வேலை போவதற்கு முந்தைய சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் வேண்டும். நாலு வருடம் தொடர்ந்து பார்த்த உங்களுக்கு இதில் சிக்கல் வராது.

சிக்கல் நீங்கள் எழுதிக் கொடுத்த ரிசைன் லெட்டரில் இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வில் போனவர் ஆகியோருக்கு இந்தத் திட்டம் இல்லை. வேலையை நானே விட்டேன் என்று ஒரு தாள் இருந்தால் அதிகாரி அதைக் காட்டிக் கேள்வி கேட்பார். கம்பெனிகள் மாதாமாதம் இ.எஸ்.ஐ. தளத்தில் ஏற்றும் பட்டியலில், ஒருவர் இல்லாமல் போனதற்குக் காரணம் குறிக்க ஒரு கட்டம் உண்டு. அதில் 'லெஃப்ட் சர்வீஸ்' என்பது ஒரு எண், 'ரிட்ரென்ச்மென்ட்', அதாவது ஆட்குறைப்பு, என்பது வேறு எண். 40 பேரை ஆட்குறைப்பு செய்துவிட்டு 'லெஃப்ட் சர்வீஸ்' என்று குறிப்பது அநியாயம். ஹெச்.ஆரிடம் எந்த எண் போட்டார்கள் என்று கேளுங்கள். கூட வேலை பார்த்த நான்கைந்து பேராகச் சேர்ந்து, எழுத்தில் கேளுங்கள். ஆர்டர் இல்லை என்று லைன் சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி ஏதும் போட்டிருந்தால் அது, ஒரே தேதியில் 40 பேருக்கும் வெளியேறிய பதிவு விழுந்திருப்பது இவையெல்லாம் உங்கள் சாட்சி. முறைப்படி ஆட்குறைப்பு என்று பதிவானவர்களுக்கு இ.எஸ்.ஐ.யிலேயே ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனா என்று இதைவிடப் பெரிய உதவி இருக்கிறது. அதனால்தான் காரணம் எழுதும் அந்த ஒரு கட்டத்துக்காக இவ்வளவு சொல்கிறேன்.

விண்ணப்பத்தை இ.எஸ்.ஐ. தளத்தில் உங்கள் இன்ஷூரன்ஸ் எண் வைத்துப் போட்டு, பிரிண்ட் எடுத்துக் கையெழுத்திட்டு, ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் நகலோடு உங்கள் டிஸ்பென்சரி எந்தக் கிளை அலுவலகத்தைச் சேர்ந்ததோ அங்கே கொடுங்கள். தேதி முத்திரை போட்ட ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும். பி.எஃப்.பில் நவம்பர் 30 என்று இருந்து இ.எஸ்.ஐ.யில் வேறு தேதி இருந்தால் அதையும் முதலிலேயே ஹெச்.ஆரிடம் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

தமிழக அரசின் உதவித்தொகைக்கு, பதிவு செய்து ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும், 40 வயதுக்குள் இருக்க வேண்டும் (பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 45), குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. பிளஸ் டூவுக்கு மாதம் 400 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியில் ஏறும், மூன்று வருடம் வரும். மொத்தம் 14,400 ரூபாய். ஆனால் 2012 பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தீர்களா? கம்பெனியில் இருந்த காலத்தில் பலரும் மறந்துவிடுகிறார்கள். பதிவு காலாவதியானால் பழைய வருடங்கள் கணக்கில் வராது. அட்டையின் கடைசிப் புதுப்பித்தல் தேதியை இன்றைக்கே பாருங்கள். பதிவு உயிரோடு இருந்தால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கி, வருவாய் ஆய்வாளரிடம் சான்று பெற்றுக் கொடுங்கள். கடையம், ஆலங்குளம் பக்கத்து வாசகர்கள் 2019-ல் மாவட்டம் பிரிந்ததை மறக்காமல் தென்காசி அலுவலகத்தில் விசாரியுங்கள். உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும் என்ற பயம் வேண்டாம், சீனியாரிட்டி அப்படியே இருக்கும். வருடா வருடம் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்கத் தவறினால் பணம் நின்றுவிடும், பாதியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றை வாங்கினால் மற்றது நிற்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். பி.எஃப். உங்கள் சொந்தச் சேமிப்பு, அது யாருடைய உதவியும் அல்ல. இ.எஸ்.ஐ. பணம் நீங்கள் சந்தா கட்டிய காப்பீடு. அரசு உதவித்தொகைக்கான உறுதிமொழியில் வேறு உதவி பெறுகிறீர்களா என்று கேட்டிருந்தால் இ.எஸ்.ஐ. தொகையை மறைக்காமல் எழுதி, அந்த அலுவலகம் சொல்கிறபடி நடங்கள். புதிய வேலை கிடைத்த அன்றே அதையும் தெரியப்படுத்திவிடுங்கள்.

மாதந்தோறும் 27-ம் தேதி பி.எஃப். அலுவலகத்தார் மாவட்டத்தில் குறைதீர் முகாம் நடத்துகிறார்கள், அன்றைக்கு விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில். புகாருக்குப் பதில் வராவிட்டால் அங்கே போங்கள். ரிஜெக்டட் காரணம் தெரியும் பிரிண்ட், சர்வீஸ் ஹிஸ்டரி பக்கம், ஆதார், வங்கிப் பாஸ்புக், புகார் எண் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியும் வேண்டும். யு.ஏ.என்.னில் பதிந்திருப்பது உங்கள் எண்தானா, அண்ணாச்சியின் எண்ணா என்று கிளம்புவதற்கு முன் பாருங்கள். அவர் எண்ணாக இருந்தால் ஓ.டி.பி. கல்லிடைக்குறிச்சியில் அவர் கடைக்குப் போகும், நீங்கள் முகாமில் காத்து நிற்பீர்கள்.